முருகையன் காரில் பிடித்த தீ

முருகையனின் கார் 1997ஆம் வருஷம் வைகாசி மாதம் ஒரு வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, பேரளியைத் தாண்டி அரியலூர் ரோட்டில் தீப்பிடித்தது. 2007 கார்த்திகையிலும் அது எரிந்துகொண்டிருந்தது. இடையில் அந்தப் பக்கம் பத்து மழைக்காலம் வந்து போனது. ரோட்டுக்கு இரண்டு தடவை தார் போட்டார்கள். அரியலூர் தனி மாவட்டமாகி, மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, மறுபடி தனியாகப் பிரிந்தது. தீ மட்டும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. டயர் எரிந்தது, ஆனால் கரையவில்லை. சீட்டு எரிந்தது, ஆனால் சாம்பலாகவில்லை. பத்தடி தள்ளி நின்றால் அடுப்படியில் நிற்கிற வெக்கை, அவ்வளவுதான். முதல் நாள் வந்த தீயணைப்பு வண்டிக்காரர்கள் இரண்டு டேங்க் தண்ணீர் அடித்துப் பார்த்தார்கள், பிறகு ஒரு லோடு மணல் கொட்டிப் பார்த்தார்கள். அதிகாரி நேர்மையான மனுஷர். அவரிடம் இருந்த ஃபாரத்தில் ‘அணைக்கப்பட்டது’, ‘எரிந்து முடிந்தது’ என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. மூன்றாவதாகக் கையாலேயே ஒரு கட்டம் போட்டு, அதில் ‘எரிகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பிறகு சுண்ணாம்புக்கல் லாரியில் சங்கிலி கட்டி இழுத்தார்கள். லாரியின் அச்சு முறிந்ததே தவிர கார் ஓர் அங்குலம் நகரவில்லை. அந்த வருஷம் சின்ன வெங்காயம் நல்ல விலைக்குப் போனது, பருத்தி காலை வாரியது. ஊரில் அதைப் பற்றிய பேச்சுத்தான் அதிகம். ஆறு மாதத்தில் காரை யாரும் நின்று பார்ப்பதில்லை.

இந்தத் தீயைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவு. உத்திராபதிக்கு மட்டும் இன்னொன்றும் தெரியும்.

உத்திராபதிக்குக் குரும்பலூர். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் வாடகைக் கார் ஓட்டினான். வெள்ளை அம்பாசிடர், சொந்த வண்டி. வாடகைக் காரில் தீயணைப்பான் ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். வருஷா வருஷம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் அதைக் கேட்பார். ஸ்டாண்டில் இருந்த பன்னிரண்டு வண்டியில் அதைக் காசு போட்டு வாங்கியவன் உத்திராபதி ஒருவன்தான். 1995இல் திருச்சிக்குப் போய் வாங்கிவந்தான். முழங்கை நீளம், நல்ல சிவப்பு, கழுத்தில் வளையம் போட்ட ஊசி, ஊசியில் ஈய முத்திரை. ஸ்டாண்டில் அதற்குப் பேர் சிலிண்டர். யாருக்கு எஃப்.சி. வந்தாலும் முதல் நாள் சாயங்காலம் அவனிடம் வந்து நிற்பார்கள். அவன் அதற்கு ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. “முத்திர ஒடையாம திரும்பி வரணும்” என்பான், அது ஒன்றுதான் நிபந்தனை. வெள்ளிக்கிழமை வண்டியைக் கழுவினால் அதையும் துடைத்து விபூதி பூசி, துணியில் சுற்றி டிக்கியில் படுக்க வைப்பான். இரண்டு வருஷத்தில் அது தீயை அணைக்கிற சாமான் என்பதே ஸ்டாண்டில் எல்லோருக்கும் மறந்துபோயிற்று. உத்திராபதிக்கும்தான்.

அந்த வியாழக்கிழமை அவன் அரியலூர் ரயிலடியில் ஆளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கம் ரோட்டோரமாக ஒரு கறுப்புக் கார், முன்மூடி திறந்து புகைந்துகொண்டு நின்றது. அரியலூர் ஸ்டாண்டு முருகையனின் கார். இரண்டு பேருக்கும் முகப் பழக்கம் உண்டு, முகூர்த்த நாளில் கல்யாண மண்டப வாசலில் பக்கத்துப் பக்கத்தில் வண்டியைப் போட்டுவிட்டுப் பந்தியில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். முருகையன், பெரம்பலூரில் கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு வந்த அம்மாக்கண்ணு என்ற அம்மாளை உடையார்பாளையத்தில் கொண்டுபோய் விடப் போய்க்கொண்டிருந்தான். அவளைப் பத்திரமாக இறக்கிப் புங்கமரத்தடியில் உட்கார்த்தி வைத்திருந்தான். பெட்ரோல் குழாய் வெகுநாளாகக் கசிந்ததை அவனே கம்பி போட்டுக் கட்டியிருந்தான். அந்த இடத்தில்தான் தீ. அப்போது அது ஓர் அடுப்புத் தீ அளவுக்குத்தான் இருந்தது.

உத்திராபதியைப் பார்த்ததும் முருகையனுக்கு முகம் தெளிந்தது. “அண்ணே, ஒங்ககிட்ட சிலிண்டர் இருக்குமே! சீக்கிரம் எடுங்கண்ணே!”

“இல்லப்பா, எஃப்.சி.க்குக் குடுத்துருக்கேன்” என்றான் உத்திராபதி.

யோசித்துச் சொன்னதில்லை. வாய் முந்திக்கொண்டது. மறுநாள் காலையில் ஸ்டாண்டு வண்டி மூன்று எஃப்.சி.க்குப் போக வேண்டும், அதில் ஸ்டாண்டிலேயே மூத்த டிரைவர் ஆண்டவரின் வண்டி ஒன்று, கல்யாண சீசன் நேரம், முத்திரை உடைந்தால் மூன்றும் நின்றுபோகும். இவ்வளவும் ஒரு நொடியில் அவன் மனசில் ஓடியதா, இல்லை இதெல்லாம் பிற்பாடு அவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டதா என்பது அவனுக்கே தெரியவில்லை. தீயும் சின்னதாகத்தான் தெரிந்தது, மண்ணைப் போட்டால் போதும் என்றுதான் நினைத்தான். அவன் ஒன்றும் சும்மா நிற்கவில்லை. முருகையனுக்குச் சரியாக அவனும் இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டான். மேல் துண்டைக் கழற்றி அடித்தான், துண்டு கருகிற்று. அந்தக் குழாய் முழுசாக அறுந்து தீ குபீரென்று உள்ளே இறங்கியபோது, போதும் என்று தன் வண்டிக்கு ஓடி டிக்கியைத் திறந்து துணியோடு சிலிண்டர் மேல் கையை வைத்தும்விட்டான்.

முருகையனுக்கு அது தெரியாது. சிலிண்டர் இல்லை என்று அண்ணன் சொல்லிவிட்டார், இனிமேல் வேறு வழி பார்க்கவேண்டியதுதான் என்று இருந்தான். ரோட்டுக்குக் கீழே ஒரு குட்டை, அதில் இடுப்பளவு தண்ணீர் கிடந்தது. வண்டியை நியூட்ரலில் போட்டு உருட்டிவிட்டால் தண்ணீரில் போய் இறங்கிவிடும் என்று கணக்குப் பண்ணி அந்தப் பக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறினான். அப்போதுதான் டேங்க் வெடித்தது.

உத்திராபதி டிக்கியை மூடினான். ஏன் மூடினான் என்று பத்து வருஷமாக அவனுக்குத் தெரியவில்லை. எடுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டிய நேரம் அது. மூடிவிட்டுத்தான் ஓடினான். முருகையனை இழுத்துப் போட்டு, தன் வண்டியிலேயே பின்சீட்டில் வாழையிலை பரப்பிக் கிடத்தி, அம்மாக்கண்ணுவை முன்னால் ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். மூன்று நாள் உயிர் இருந்தது. அந்த மூன்று நாளில் முருகையன் தன் பெண்டாட்டி ராசாத்தியிடம் பேசியது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒன்று, “அந்த அண்ணன்தான் கூட நின்னு மண்ணள்ளிப் போட்டாரு, அவரு பேரு என்னான்னு கேட்டு வச்சிக்க” என்பது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆண்டவர் எஃப்.சி.க்காக சிலிண்டரை வாங்க வந்தார். உத்திராபதி டிக்கியைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். ஆண்டவர் அதை வாங்கி முத்திரையைப் பார்த்தார். பிறகு உத்திராபதியின் கொப்பளித்த கைகளைப் பார்த்தார்.

“நேத்து அந்த வழியாத்தான வந்த?”

“ஆமா.”

ஆண்டவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அன்று மூன்று வண்டிக்கும் எஃப்.சி. கிடைத்தது. அந்த மாதமே அவர் திருச்சிக்குப் போய்த் தனக்கென்று ஒரு சிலிண்டர் வாங்கிவந்தார். பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராக வாங்கினார்கள். உத்திராபதியிடம் இரவல் கேட்டு யாரும் வருவது நின்றுபோயிற்று. காரணம் என்னவென்று யாரும் யாரிடமும் பேசிக்கொள்ளவில்லை.

ராசாத்திக்கு அப்போது இருபத்தெட்டு வயசு. ஒரே பெண், பானுப்ரியா, நாலாம் வகுப்பு முடித்திருந்தாள். காரியம் முடிந்து முப்பதாம் நாளைக்கு மேல் ஒரு தடவை புருஷன் கார் எரிகிற இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பஸ் ஏறிப் போனாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அழுகை நின்று, தீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். புகையில்லாமல், காற்றுக்குச் சாயாமல், ஒரே சீராக எரிகிற தீ. இப்படி ஒரு தீயை எந்த அடுப்பிலும் அவள் பார்த்ததில்லை. மறுவாரம் ஒரு பித்தளைத் தவலையும் இரண்டு கேனில் பாலுமாக வந்தாள். முன்மூடி மேல் டீக்குத் தண்ணீர் கொதித்தது. கூரை மேல் சோற்றுப்பானை வைக்கலாம். பின்பக்கம் தீ கொஞ்சம் மட்டு, பாலை அங்கே வைத்தால் பொங்கி வழியாமல் சுண்டிக்கொண்டிருக்கும். சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் லாரிக்காரர்கள் நிறுத்தினார்கள். தீபாவளிக்குள் ஒரு தகரக் கொட்டகையும் இரண்டு பெஞ்சும் வந்துவிட்டன. அடுத்த பொங்கலுக்குச் சுண்டல், போண்டா, மத்தியானம் சாம்பார் சாதம். விறகும் கிடையாது, மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடை வரிசையில் நிற்கவும் வேண்டாம். பஸ் கண்டக்டர்கள் ‘எரியுற காரு’ என்று விசில் கொடுத்து இறக்கிவிட ஆரம்பித்தார்கள்.

உத்திராபதி அந்த ரோட்டுப் பக்கமே போகவில்லை. அரியலூர் வாடகை வந்தால் ஆண்டவருக்குத் தள்ளிவிட்டான். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. அவன் பெண்டாட்டி சிந்தாமணி, எதையோ பார்த்துப் பயந்துவிட்டான் என்று வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு சாமியாடியிடம் கூட்டிப்போய்த் திருநீறு போடவைத்தாள். ஒருநாள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் பரிமாறிய கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டாள். “எங்கிட்ட சொல்லி என்னாங்க ஆவப்போவுது” என்றாள். “சொல்ல வேண்டிய எடம் வேற இல்ல?”

1998 ஐப்பசியில், ஒரு மழை விட்ட காலையில், முதல் பஸ் வருவதற்கு முன்னால் அவன் போய்விட்டான். யாரும் இல்லை. காலைச் சூரியனில் தீ வெளிறித் தெரிந்தது. சிலிண்டரை எடுத்து முத்திரையை உடைத்தான். அது உடைகிற சத்தம் ஒரு கடலைத்தோல் உடைகிற சத்தம்தான். இடது பின்சக்கரத்தில் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினான். இரண்டு டேங்க் தண்ணீருக்கும் ஒரு லோடு மணலுக்கும் அசையாத தீ, அந்தச் சக்கரத்தில் மட்டும், வாயால் ஊதின விளக்கு மாதிரி அடங்கிற்று. இன்னும் ஓர் ஐந்தாறு அழுத்தில் எல்லாம் முடிந்துவிடும். கதவுப் பக்கம் நகர்ந்தான்.

“அண்ணே! அண்ணே! என்னா பண்றீங்க?”

ராசாத்தி பஸ்ஸிலிருந்து இறங்கி, இடுப்பில் தவலையோடு ஓடிவந்தாள். அவனைக் கண்டு அவளுக்குக் கோபம் வரவில்லை, பதற்றம்தான். “அத அணைச்சிப்புடாதீங்கண்ணே. எனக்கும் எம்பொண்ணுக்கும் வேற சோறு இல்ல. ஒங்க மனசு எனக்குத் தெரியும், அவரு செத்த தீ எரியக் கூடாதுன்னுதான் வந்திருக்கீங்க. ஆனா வேணாம்ண்ணே.”

அவன் சிலிண்டரைக் கீழே இறக்கினான். அவள் அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தாள். அணைந்த சக்கரத்தையும் பார்த்தாள்.

“இது புதுசா வாங்குனதா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் நம்பியிருப்பாள். “இல்ல” என்றான்.

“அன்னிக்கு?”

“வண்டியிலதான் இருந்துச்சு.”

லாரி ஒன்று அவர்களைத் தாண்டிப் போயிற்று. ராசாத்தி தவலையை இறக்கி வைத்தாள். அவனைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று அவன் நின்றான். அதற்காகத்தான் வந்தது போலவும் இருந்தது. அவள் குட்டையில் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். தவலையைத் துடைத்தாள். தண்ணீரை வைத்தாள், பாலை வைத்தாள், வந்து நின்ற நாலு லாரிக்காரர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். ஒரு மணி நேரம் போயிற்று. அவன் நின்ற இடத்திலேயே நின்றான். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“உள்ள மீதி எவ்வளவு இருக்கு?”

“முக்காவாசிக்கு மேல இருக்கும்மா.”

“அத அப்புடியே வச்சிருங்க. பானு படிச்சு ஒரு வேலைக்குப் போவட்டும். அன்னிக்கு நானே சொல்லி அனுப்புறேன். நீங்க வந்து அணைச்சிட்டுப் போங்க. அதுவரைக்கும் வேற எதுக்கும் தொடக் கூடாது. இது அவருக்குன்னு உள்ளது.”

சரி என்றான். வண்டியில் ஏறும்போதுதான் கவனித்தான், கடைசியாகப் பேசியதில் அவள் ஒரு தடவைகூட அண்ணே என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

அந்த நாளிலிருந்து சிலிண்டர் டிக்கியிலிருந்து முன்சீட்டுக்கு வந்தது. சீட்டோடு சேர்த்துத் துண்டால் கட்டி வைத்திருப்பான். முன்னால் உட்கார வரும் ஆளிடம், “பின்னாடி ஏறிக்குங்க சார், முன்னாடி ஆளு இருக்கு” என்பான். கல்யாணத்துக்குக் கார் எடுப்பவர்கள் முகம் சுளித்தார்கள். ஒருமுறை திறந்த சிலிண்டரில் கேஸ் தானாக இறங்கிவிடும், ஆறு மாதம்கூடத் தாங்காது என்று திருச்சி கடைக்காரர் சொன்னார். இதில் இறங்கவில்லை, கழுத்தில் இருந்த அளவுமானியின் முள் பச்சையிலேயே நின்றது. முத்திரை உடைந்ததை எஃப்.சி.க்குக் காட்ட முடியாதென்று, வருஷா வருஷம் அவன் ஆண்டவரிடம் போய் இரவல் வாங்கினான். ஆண்டவர் நிபந்தனை எதுவும் போடாமல் கொடுப்பார். அதுதான் உத்திராபதிக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

வாரம் ஒருமுறை அரியலூர் ரோட்டில் போய் பெஞ்சில் உட்காருவான். ராசாத்தி மற்றவர்களுக்குக் கொடுக்கிற மாதிரியே அவனுக்கும் டீ கொடுப்பாள், சர்க்கரை கூடக்குறைய இருக்காது. பானு எந்த வகுப்பு என்று கேட்பான். ஆறாவது, எட்டாவது, பத்தாவதில் நல்ல மார்க், பிளஸ் டூ என்று பதில் வரும். அவ்வளவுதான் பேச்சு. 2001இல் அரியலூர் தனி மாவட்டமானபோது இரண்டு பக்கத்திலிருந்தும் டேப்பைப் பிடித்துக்கொண்டு வந்து அளந்தார்கள். காரின் முன்பாதி அரியலூரிலும் பின்பாதி பெரம்பலூரிலும் வந்தது. டீ ஒரு மாவட்டத்தில் கொதித்தது, பால் இன்னொரு மாவட்டத்தில் சுண்டியது. அடுத்த வருஷமே இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டதால் யாரும் ரொம்பக் குழம்பவில்லை. 2005இல் பானுப்ரியா நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள், இரண்டு வருஷப் படிப்பு. உத்திராபதிக்கு முழங்கால் வலி வந்து கிளட்ச் மிதிக்க முடியவில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்று சிந்தாமணி சொல்லிப் பார்த்தாள். “இன்னும் ரெண்டு வருஷம்” என்றான்.

2006 பங்குனியில், ஜெயங்கொண்டத்தில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, உடையார்பாளையம் தாண்டி முந்திரிக்காட்டு ஓரத்தில் ஒரு வேன் நின்றது. வீட்டு கேஸ் உருளையை வைத்து ஓட்டுகிற வேன். காதுகுத்துக்குப் போய்விட்டு வருகிற குடும்பம். வேனின் அடியில் தீ, பக்கக் கதவு இறுகிப்போய் திறக்கவில்லை, உள்ளே இருந்தவர்கள் கண்ணாடியில் அறைந்துகொண்டிருந்தார்கள். உத்திராபதி பிரேக் போட்டது தெரியும், துண்டை அவிழ்த்தது தெரியும். மற்றது தெரியாது. அழுத்திய கையை அவன் எடுக்கவே இல்லை. சிலிண்டர் சீறிச் சீறி, கடைசியில் இருமுகிற மாதிரி இரண்டு சத்தம் போட்டு ஓய்ந்தது. வேனுக்கு அடியில் வெள்ளைப் பொடி மட்டும் கிடந்தது. கண்ணாடியை உடைத்து எல்லோரையும் இறக்கினார்கள். ஒருவருக்கும் கொப்புளம்கூட இல்லை. வெறும் ஒரு நிமிஷ வேலை. ஒரு நிமிஷம்கூட முழுசாக ஆகியிருக்காது.

அவர்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள், காலிலும் விழுந்தார்கள். அவன் முந்திரி மரத்தடியில் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். பயந்துபோய்விட்டார் என்று தண்ணீர் கொடுத்தார்கள். ஊசியைப் பிடுங்கி அழுத்தினால் போதும், வேறு ஒன்றும் தேவையில்லை. அன்றைக்கும் இவ்வளவுதான் ஆகியிருக்கும். ஒன்பது வருஷமாக அவன் அதை மலையைப் புரட்டுகிற காரியமாக நினைத்து வைத்திருந்தான். அது இவ்வளவு லேசான காரியம் என்பதை அவனால் தாங்க முடியவில்லை.

அங்கிருந்து நேராக எரியுற காருக்குத்தான் வந்தான். சாயங்காலக் கூட்டம் இருந்தது. ராசாத்தி போண்டாவைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். காலி சிலிண்டரைப் பெஞ்சில் வைத்தான். அவள் அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள். கனமில்லாமல் வந்தது.

“வேன் ஒண்ணு பத்திக்கிச்சும்மா. ஒங்கிட்ட கேட்டுட்டு வர நேரமில்ல.”

“எத்தன பேரு?”

“ஏழு பேரு. ஒரு கைப்புள்ள.”

அவள் எண்ணெய்ச் சட்டிக்குத் திரும்பினாள். போண்டா ஒரு பக்கம் கருகியிருந்தது. அதை எடுத்துத் தனியாகப் போட்டாள். “அந்தப் பொம்பளைக்கு என்னா வயசு இருக்கும்? கைப்புள்ளைக்கு அம்மா.”

“இருபத்தஞ்சு இருக்கும்.”

“புருசனும் அந்த வண்டியிலதான் இருந்தானா?”

“அவந்தாம்மா ஓட்டுனான்.”

“ம்” என்றாள். அடுத்த ஈடு மாவை எண்ணெயில் போட்டாள். அவன் எழுந்தபோது, முகத்தைத் திருப்பாமலே, “அணைக்காம வந்திருந்தா இனிமே ஒங்களுக்கு இந்தக் கடையில டீ கெடையாதுன்னு சொல்லியிருப்பேன்” என்றாள். அதில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. எந்தச் சாமானை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்கிற குரல்தான். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், “இன்னும் ஒரு வருசம்தான் இருந்துச்சு” என்றாள்.

அவன் அந்த வாரமே சிலிண்டரில் புதிதாகப் பொடி நிரப்பி வந்து அடித்துப் பார்த்தான். தீ தலையைக்கூட அசைக்கவில்லை. வேறு இரண்டு கடையில் நிரப்பிப் பார்த்தான். 2007 ஆனியில் பானுப்ரியா படிப்பை முடித்து, திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். ராசாத்தி சொன்ன சொல் தவறாமல், கண்டக்டர் ஒருவரிடம் சொல்லி அனுப்பினாள். உத்திராபதி அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு ஸ்டாண்டில் நின்றபோது ஆண்டவர் பார்த்தார். பத்து வருஷமாக எல்லாம் தெரிந்த ஆள். “நாங்களும் வரோம்யா” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டாண்டிலிருந்து ஒன்பது வண்டி வரிசையாகப் போயின. ஒவ்வொன்றிலும் ஒரு சிலிண்டர். ராசாத்தி கடையை ஒழித்து, பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். மகளும் வந்து நின்றிருந்தாள். ஒன்பது பேரும் காரைச் சுற்றி நின்று ஒரே நேரத்தில் ஊசியைப் பிடுங்கி அழுத்தினார்கள். வெள்ளைப் பொடி எழும்பி, காரும் தெரியவில்லை, கொட்டகையும் தெரியவில்லை, எதிரில் நின்றவரும் தெரியவில்லை. எல்லாச் சிலிண்டரும் ஓய்ந்தன. ராசாத்தி கண்ணை மூடிக் கையைக் கூப்பியபடி நின்றாள். பிறகு குட்டைப் பக்கமிருந்து காற்று வந்து பொடியைக் கலைத்தது. எல்லோருக்கும் தலையும் மீசையும் வெள்ளையாகிக் கிழவர்களாக நின்றார்கள். நடுவில் தீ, சீராக, சுத்தமாக எரிந்துகொண்டிருந்தது.

ஆண்டவர் வாய்விட்டு, “அன்னிக்கே நான் கேட்டிருக்கணும்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

பானுப்ரியா அம்மாவின் தலையிலிருந்த பொடியைத் தட்டிவிட்டாள். “வாம்மா போவலாம். எரிஞ்சா எரியட்டும். அப்பாவ நாம இங்கயா வுட்டுட்டுப் போறோம்?”

ராசாத்தி உத்திராபதியிடம் வந்தாள். அவன் தலை நிமிரவில்லை. ஏதாவது சொல்வாள் என்று பத்து வருஷமாகக் காத்திருந்தவன், இப்போது சொல்லிவிடுவாளோ என்று பயந்தான். அவள் சாக்கைப் பிரித்து டீத் தவலையையும் வடிகட்டியையும் எடுத்து பெஞ்சில் வைத்தாள்.

“நான் இனிமே இங்க வரமாட்டேன். லாரிக்காரங்க விடியக்காலம் வந்து நிப்பாங்க, அவங்களுக்குத் தெரியாது. நீங்க பாத்துக்குங்க. முன்பக்கம் பால வைக்காதீங்க, அடிபிடிச்சிரும்.”

மகளோடு பஸ் ஏறிப் போனாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. உத்திராபதி அவளைப் பிறகு பார்க்கவே இல்லை. பானுவுக்கு ஆஸ்பத்திரியில் நல்ல பேர் என்றும், ராசாத்திக்குச் சர்க்கரை வந்திருக்கிறது என்றும் கண்டக்டர் சொல்லித்தான் தெரியும்.

அடுத்த மாதம் உத்திராபதி வண்டியை விற்றான். சிந்தாமணியும் அவனும் முதல் பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் குரும்பலூர் திரும்பினார்கள். அவனுக்கு டீ போடக் கைவரவில்லை. ஒன்று தண்ணியாக இருக்கும், இல்லாவிட்டால் கசக்கும். லாரிக்காரர்கள், அந்த அம்மா டீ மாதிரி வராதுய்யா என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் குடித்தார்கள். அவன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சரியாகச் சொன்னார்கள் என்றே நினைத்தான்.

கார்த்திகை ஏழாம் தேதி அரியலூர் மறுபடி தனி மாவட்டமானது. அன்று விடாத மழை. ரோட்டில் தண்ணீர் ஓடியதால் பஸ்கள் கொட்டகைக்குப் பக்கத்தில் மெதுவாக ஊர்ந்தன. மழைத்துளி தீயின் மேல் விழுந்து ஆவியாகிக்கொண்டிருந்தது. அதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் இருந்தவர்கள் மட்டும், பேச்சை நிறுத்தாமலே, நனைந்து விறைத்த கையை வெளியே நீட்டிக் கொஞ்சம் குளிர்காய்ந்துவிட்டு உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.